பைன் மரத்தடிக் காளானும் ஐக்கிய சங்கமும்

ஐக்கிய சங்கம் என்றால் கடன் வாங்கவும் தவணை கட்டவும் ஏற்பட்ட இடம் என்றே அங்கத்தினர்களில் பலர் எண்ணியிருக்கிறார்கள். வாங்கிய கடனைக் கொண்டு எந்தத் தொழிலை விருத்தி செய்தோம் என்று கேட்பவர் சிலரே. இவ்விஷயத்தில் தென் அமெரிக்காவில் ஈக்வடார் தேசத்திலுள்ள சலினாஸ் என்னும் மலைக் கிராமம் நமக்கு நல்ல திருஷ்டாந்தமாகும். அவ்வூரார் விற்கும் சரக்குகளில் ஒன்று, பைன் மரங்களின் அடியில் தானே முளைக்கும் காளான்.

காளானின் இயல்பு

இதன் சாஸ்திரப் பெயர் ஸுயில்லஸ் லூட்டியஸ். குடை பழுப்பு நிறமாயும், ஈரநாட்களில் எண்ணெய் பூசியதுபோல் வழவழப்பாயும் இருக்கும். குடையின் அடியில் சாதாரணக் காளானுக்குள்ள இதழ்கள் இரா. அவற்றுக்குப் பதிலாக நுண்ணிய துவாரங்கள் நிறைந்த மஞ்சள் நிறப் பஞ்சு போன்ற பாகம் இருக்கும். தண்டைச் சுற்றி ஒரு வளையம் உண்டு.

இது பைன் மரத்தோடு கூட்டு வாழ்க்கை நடத்துகிறது. காளானின் நூல்கள் மண்ணுக்குள் பரவி, பைன் வேர்களின் நுனியைப் போர்த்திக்கொள்கின்றன. அவை நீரையும் தாது உப்புக்களையும் திரட்டி மரத்துக்குக் கொடுக்கின்றன. மரம் தன் இலைகளில் உண்டாகும் சர்க்கரையில் ஒரு பங்கைக் காளானுக்கு அளிக்கிறது. ஈக்வடாருக்குப் பைன் மரமும் அந்நியம், இக்காளானும் அந்நியம். மரத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டபோது காளானும் கூடவே வந்து சேர்ந்தது.

சலினாஸ் கிராமத்தின் வரலாறு

இவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,550 மீட்டர் உயரத்தில் உள்ளது. முன்காலத்தில் உப்பு ஊற்றுக்கள் ஒரு நிலச்சுவான்தார் குடும்பத்தின் வசமிருந்தன. உப்புக் காய்ச்சிய ஜனங்கள் வறுமையில் உழன்றனர். 1971-ஆம் வருஷத்தில் அன்டோனியோ போலோ என்ற இத்தாலியப் பாதிரியார் அங்கு வந்தார். அடுத்த வருஷமே ஜனங்கள் சேமிப்புக் கடன் சங்கம் ஸ்தாபித்தார்கள். 1978-ல் பாலாடைக்கட்டித் தொழிற்சாலை தோன்றியது. மலைச்சரிவுகளில் பைன் தோப்புக்களும் வளர்ந்தன. தோப்புக்களில் முளைத்த காளானைப் பொறுக்கி உலர்த்தி விற்பதும் ஒரு தொழிலாயிற்று. எல்லாச் சரக்கும் 'எல் சலினெரித்தோ' என்னும் ஒரே முத்திரையோடு விலைபோகின்றன. லாபத்தைத் தனித்தனியே பங்கிட்டுக்கொள்ளாமல் புதிய தொழில்களுக்கும் பொதுக் காரியங்களுக்கும் செலவிடுகிறார்கள்.

சங்கம் ஏன் வேண்டும்?

பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பறித்த ஓரிரு நாளில் அது அழுகும், புழுவும் வைக்கும். கூடையோடு சந்தைக்குப் போகும் ஏழை, வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். உலர்த்தினாலோ பத்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கி, மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். ஆனால் உலர்த்தும் அறை, தரம் பிரிக்கும் ஆள், வாங்குவோரோடு தொடர்பு ஆகியவை ஒரு குடும்பத்தின் சக்திக்கு மேற்பட்டவை. பலர் சேர்ந்தால் இவை கைகூடும். விலை பேசும் பலமும் கூடவே வரும்.

கவனிக்க வேண்டியவை

1. இளங்காளானையே பறித்து, வழவழப்பான மேல்தோலை உரித்துவிட வேண்டும். உரிக்காமல் உண்டால் சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும்.

2. மரத்தடியில் கண்ட காளானையெல்லாம் உண்ணலாகாது. உயிரைக் கொல்லும் காளான்களும் பைன் மரத்தடியில் முளைப்பதுண்டு. சமைத்தாலும் அவற்றின் விஷம் போகாது. நன்கு அறிந்தவர் பார்த்துச் சொல்லாததைத் தொடவே வேண்டாம்.

3. லாபத்தோடு நஷ்டத்தையும் கணக்கில் எழுத வேண்டும். ஈக்வடாரின் உயர்ந்த புல்வெளிகள் மழைநீரைத் தேக்கி ஆறுகளுக்கு அளிப்பவை. அத்தகைய நிலத்தில் பைன் நட்ட இடங்களில் ஓடைநீர் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. மண்ணிலுள்ள மக்குச் சத்தை இக்காளானே உண்டு குறைக்கிறதென 2001-ல் வேறோர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது.

காளான் கூடைக்கு வருவது ஒரு பருவத்தில். தண்ணீர் வேண்டியிருப்பதோ வருஷம் முழுவதும். ஆகையால் எந்தப் புதுத் தொழிலையும் தொடங்குமுன் அங்கத்தினர்கள் மகாசபையில் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். சரக்கைக் கெடாமல் காத்து விற்க வழி உண்டா? அதனால் ஊர்ப் பொதுச்சொத்தாகிய மண்ணும் நீரும் குறையுமா? இரண்டுக்கும் திருப்தியான விடை கிடைத்த பிறகே தீர்மானப் புஸ்தகத்தில் கையெழுத்திடுதல் நலம்.