விலைக்குத் தகுந்த எஸ்யூவியைத் தெரிவு செய்தல்

மல்கிரேவில் தொடருந்து நிலையம் இல்லை. ஸ்பிரிங்வேல், சாண்டவுன் பார்க், கிளென் வேவர்லி ஆகிய நிலையங்களுக்குச் செல்லப் பேருந்தையோ காரையோ நாடவேண்டும். ஆதலால் இங்கு குடியேறும் பல குடும்பங்கள் வீடு அமைந்த சில வாரங்களிலேயே வாகனம் வாங்கும் முடிவை எடுக்கின்றன. வீட்டிற்கு அடுத்தபடியாக அவர்கள் கையொப்பமிடும் பெரிய ஒப்பந்தம் பெரும்பாலும் இதுவே. ஆஸ்திரேலியாவில் இன்று விற்கப்படும் புதிய வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை எஸ்யூவி வகையைச் சேர்ந்தவை என்பதால், "எந்த எஸ்யூவி நல்லது?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. இக்கட்டுரை அதற்கு முந்திய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது: அவ்வாகனம் உங்களிடம் இருக்கும் காலம் முழுவதிலும் வீட்டு வருமானத்திலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளும்?

உங்கள் பயணங்களை எழுதிப் பாருங்கள்

விற்பனையகத்திற்குச் செல்வதற்கு முன், இரண்டு வாரங்களுக்கு உங்கள் பயணங்களை ஒரு தாளில் குறித்து வாருங்கள். எங்கே சென்றீர்கள், எத்தனை பேர் அமர்ந்தீர்கள், என்ன ஏற்றினீர்கள் என்பவை போதும். பாடசாலை, மொனாஷ் நெடுஞ்சாலை வழியே வேலைத்தலம், வேவர்லி கார்டன்ஸ் கடைத்தொகுதி, வார இறுதியில் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயம் என்பதே பலருடைய பட்டியலாக இருக்கும். இவை யாவும் தார் போட்ட வீதிகள். நான்கு சக்கர இயக்கம் வாகனத்தின் விலையையும் எடையையும் எரிபொருள் செலவையும் கூட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பனிமலை பார்க்கப் போவதற்காக அதை வாங்குவது வீண்.

ஏழு இருக்கைகள் பற்றியும் இவ்வாறே சிந்திக்க வேண்டும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து மூன்று மாதம் தங்கும்போது எல்லோரும் ஒன்றாகச் செல்லவேண்டும் என்ற விருப்பம் இயல்பானது. ஆனால் நடுத்தர அளவுள்ள எஸ்யூவிகளின் மூன்றாம் வரிசையில் பெரியவர் ஒருவர் நெடுநேரம் அமர இயலாது. முழங்கால் வலியுள்ள அம்மாவால் அங்கே ஏறவே முடியாது. அந்த வரிசையை நிமிர்த்தினால் பின்புறத்தில் பொருள் வைக்கும் இடமும் சுருங்கிவிடும். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் பெரிய வாகனமொன்றை வாடகைக்கு எடுப்பது மலிவாக அமையலாம். பெற்றோர் உங்களோடு நிரந்தரமாக வாழ்ந்தால் நிலைமை வேறு. அப்போது ஏழு இருக்கை தேவைதான். ஆயினும் வாங்குமுன் அவர்களை அழைத்துச் சென்று ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். இருக்கை சற்று உயரத்தில் இருப்பதால் முதியோர் குனியாமல் அமரலாம் என்பது, எங்கள் பார்வையில், எஸ்யூவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்குரிய மிக நியாயமான காரணம்.

சிறு பிள்ளைகள் உள்ளோர் தங்கள் பிள்ளை இருக்கைகளையும் எடுத்துச் செல்லவேண்டும். விக்டோரியாவில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தம் வயதுக்கேற்ற பாதுகாப்பு இருக்கையிலேயே பயணிக்க வேண்டும். வெளியிலிருந்து அகலமாகத் தோன்றும் வாகனங்கள் பலவற்றில் மூன்று பிள்ளை இருக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பொருத்த முடிவதில்லை. இருக்கையின் மேற்பட்டியை மாட்டும் கொளுவி மூன்றாம் வரிசையில் இல்லாத வாகனங்களும் உண்டு. இதைப் பணம் கொடுத்த பின் அறிவதில் பயனில்லை. வாகனத்தைப் பின்னோக்கி எடுத்தும் பாருங்கள். உயரமான வாகனத்தின் பின்னே நிற்கும் சிறு பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்புறக் கமரா உதவும், ஆனால் வீட்டு முற்றத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று இறங்கிப் பார்க்கும் பழக்கத்திற்கு அது ஈடாகாது.

எரிபொருள் கணக்கு

பெற்றோலா, ஹைபிரிட்டா என்ற வாதம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. ஊகத்தைவிட ஒரு கணக்கு நன்று. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோல் வாகனம் 100 கிலோமீட்டருக்கு 8 லீற்றரும், அதே அளவுள்ள ஹைபிரிட் 5 லீற்றரும் குடிப்பதாகவும், ஒரு லீற்றர் 1.90 டொலர் என்றும் கொள்வோம். முதலாவதற்கு ஆண்டுக்கு 1,200 லீற்றர், அதாவது 2,280 டொலர். இரண்டாவதற்கு 750 லீற்றர், 1,425 டொலர். ஆண்டொன்றுக்கு மிச்சம் 855 டொலர். ஹைபிரிட்டின் விலை 3,000 டொலர் கூடுதலாக இருந்தால், மூன்றரை ஆண்டுகளில் அந்தப் பணம் திரும்பிவிடும். ஏழு ஆண்டு வைத்திருப்போருக்கு அதன்பின் ஏறக்குறைய இன்னொரு 3,000 டொலர் மிஞ்சும்.

இப்போது அதே கணக்கை ஓய்வுபெற்ற தம்பதியருக்குப் போட்டுப் பாருங்கள். அவர்கள் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் மிச்சம் 342 டொலர். கூடுதல் விலையை மீட்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகும். ஒரே வாகனம் ஒரு வீட்டுக்கு இலாபம், பக்கத்து வீட்டுக்கு நட்டம். மேலும், ஹைபிரிட்டின் சிக்கனம் நின்று நின்று செல்லும் ஸ்பிரிங்வேல் வீதி போன்ற இடங்களில்தான் நன்கு வெளிப்படும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் மட்டும் ஓடுவோருக்கு வேறுபாடு குறையும். புதிய வாகனத்தின் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும் எரிபொருள் அளவு ஆய்வுகூடச் சோதனையில் பெற்றது. வீதியில் அதைவிடக் கூடுதலாகவே செலவாகும் என்று கருதிக் கணக்கிடுங்கள்.

டீசல் எஸ்யூவியைப் பற்றி ஒரு சொல். அதன் புகைக்குழாயில் கரித்துகளைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூட்டுடன் கூடிய தொடர் ஓட்டம் தேவை. பாடசாலைக்கும் கடைக்கும் மட்டும் பத்து நிமிட ஓட்டம் ஓடும் வீட்டிற்கு டீசல் பொருந்தாது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு பெரிது.

மறுவிற்பனையும் உத்தரவாதமும்

புதிய வாகனத்தின் மிகப்பெரிய செலவு எரிபொருளன்று, மதிப்பிறக்கம். இதற்குக் கட்டணச்சீட்டு எதுவும் வருவதில்லை என்பதால் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் விரும்பும் அதே வகையின் ஐந்து ஆண்டுப் பழைய வாகனம் இன்று என்ன விலைக்கு விளம்பரப்படுத்தப்படுகிறது என்று பாருங்கள். புதியதன் விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை ஐந்தால் வகுத்தால், ஆண்டொன்றுக்கு நீங்கள் இழக்கக்கூடிய தொகை ஓரளவு தெரியும்.

அண்மைக் காலத்தில் வந்துள்ள மலிவான வாகனங்கள் சில ஏழு ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஐந்து ஆண்டில் மாற்றுவோர் மறுவிற்பனை விலையைப் பார்க்கவேண்டும். பத்து ஆண்டு வைத்திருப்போர் உதிரிப்பாகம் கிடைக்குமா, சேர்விஸ் நிலையம் அருகில் உண்டா என்பதைப் பார்க்கவேண்டும். சில நீண்ட உத்தரவாதங்கள், சேர்விஸ் முழுவதும் அந்த நிறுவனத்தின் முகவரிடமே செய்யப்பட்டால்தான் முழுக் காலத்திற்கும் செல்லும். அந்த வரியைத் தேடி வாசியுங்கள். மற்றபடி, தகுதிபெற்ற வேறொரு கராஜில், குறித்த காலத்தில், உரிய பாகங்களைக் கொண்டு சேர்விஸ் செய்வதால் மட்டும் உற்பத்தியாளரின் உத்தரவாதம் இல்லாமற் போவதில்லை.

உத்தரவாதப் புத்தகத்திற்கு அப்பாலும் உங்களுக்குச் சட்ட உரிமை உண்டு. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். பிராடோ, ஃபோர்ச்சூனர் உள்ளிட்ட டொயோட்டா டீசல் வாகனங்களின் வடிகட்டி அமைப்புத் தொடர்பான கூட்டு வழக்கில், அவை அத்தரத்தில் இல்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மறுவிற்பனைக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் வாகனமும் இதற்கு விலக்கன்று.

கடனும் சிறு கட்டணங்களும்

"வாரம் 150 டொலர்தான்" என்று கேட்கும்போது தொகை சிறிதாகத் தோன்றும். ஏழு ஆண்டுக்கு அது 54,600 டொலர். வாகனத்தின் விலை 40,000 டொலராக இருந்தால் மீதி எங்கே போகிறது என்று கேளுங்கள். வட்டி வீதத்தை மட்டும் பார்க்காமல், பெரும்பாலான கட்டணங்களையும் சேர்த்துக் காட்டும் ஒப்பீட்டு வீதத்தைப் பாருங்கள். தவணை குறைவாக இருந்தால், இறுதியில் ஒரே முறையில் செலுத்தவேண்டிய பெருந்தொகை ஏதும் உண்டா என்று வினவுங்கள். விற்பனையகம் செல்வதற்கு முன்பே வங்கியிலோ கடன் சங்கத்திலோ முன்னனுமதி பெற்றிருந்தால் பேரம் பேச வலு கிடைக்கும்.

விலையைக் கேட்கும்போது "ட்ரைவ் அவே" விலையை எழுத்தில் கேளுங்கள். பதிவுக் கட்டணமும் முத்திரை வரியும் அதில் அடங்கும். ஆடம்பர வரம்பிற்குட்பட்ட பயணிகள் வாகனத்திற்கு விக்டோரியாவின் முத்திரை வரி 200 டொலருக்கு 8.40 டொலர், அதாவது 40,000 டொலருக்கு 1,680 டொலர். பதிவுக் கட்டணத்தோடு செலுத்தும் டிஏசி தொகை விபத்தில் காயமடைவோருக்கானது. மற்றவருடைய வாகனத்திற்கோ உங்கள் வாகனத்திற்கோ ஏற்படும் சேதத்தை அது ஈடுசெய்யாது. ஆகவே தனிக் காப்புறுதி வேண்டும். அதன் கட்டணத்தை வாகனம் வாங்குமுன்பே விசாரியுங்கள். வீட்டில் இருபது வயது ஓட்டுநர் இருந்தால் கட்டணம் வியப்பூட்டலாம். நிறப்பூச்சுப் பாதுகாப்பு, நீட்டித்த உத்தரவாதம் என்று கையொப்பமிடும் மேசையில் முன்வைக்கப்படுபவற்றுக்கு "வேண்டாம்" என்பதே பெரும்பாலும் சரியான விடை.

பழைய வாகனம் வாங்குவோருக்கு

பதிவுடன் விற்கப்படும் பழைய வாகனத்திற்கு, 30 நாளுக்கு மேற்படாத வீதித் தகுதிச் சான்றிதழை விற்பவர் தரவேண்டும். பலரும் 'ரோட்வேர்தி' என்று குறிப்பிடும் இச்சான்றிதழ் பாதுகாப்புக்குரிய பாகங்களையே பார்க்கிறது. இயந்திரம் நெடுங்காலம் உழைக்கும் என்று அது சொல்வதில்லை. எனவே விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பொறிவினைஞரிடம் பணம் கொடுத்துப் பரிசோதிப்பது நன்று. பிபிஎஸ்ஆர் எனும் அரசுப் பதிவேட்டில் வாகன அடையாள எண்ணைக் கொடுத்து 2 டொலருக்குத் தேடலாம். கடன் நிலுவை உள்ளதா, திருடப்பட்டதா, விபத்தில் பயனற்றதாக அறிவிக்கப்பட்டதா என்பது தெரியவரும். முந்திய உரிமையாளரின் கடனுக்காக உங்கள் வாகனம் பறிமுதல் செய்யப்படும் நிலை இந்த 2 டொலரால் தவிர்க்கப்படலாம்.

திரும்ப அழைக்கப்பட்ட வாகனமா என்றும் பாருங்கள். 2017 ஜூலையில் சிட்னியில் ஹோண்டா சிஆர்-வி எஸ்யூவி ஒன்றின் ஓட்டுநர், சிறு விபத்தில் தகாட்டா காற்றுப்பை வெடித்துச் சிதறியதால் உயிரிழந்தார். 2018 பெப்ரவரியில் அரசு கட்டாய மீளழைப்பை அறிவித்தது. காற்றுப்பையை மாற்றும் பணிக்கு உரிமையாளர் பணம் செலுத்த வேண்டியதில்லை.

விக்டோரியாவில் 2011 முதல் புதிய கார்களுக்கு மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமானது. உயரமான வாகனம் சறுக்கிக் கவிழாதிருக்க இது மிக இன்றியமையாதது. அதற்கு முந்திய எஸ்யூவியாயின் அது பொருத்தப்பட்டுள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். ஆன்காப் நட்சத்திரங்களைப் பார்க்கும்போது சோதிக்கப்பட்ட ஆண்டையும் பாருங்கள். விதிகள் காலந்தோறும் கடுமையாவதால் 2012இன் ஐந்து நட்சத்திரமும் 2024இன் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. 2004 முதல் 2016 வரை மெல்பேர்ணின் பிராட்மெடோஸில் தயாரான ஃபோர்ட் டெரிட்டரி இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. இடவசதி தாராளம், ஆனால் தயாரிப்பு நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டதால் உதிரிப்பாகங்களைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டும்.

உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கும்போது, பத்து ஆண்டுக்கு மேற்படாத, 160,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடிய காருக்கு மூன்று மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை, சட்டபூர்வ உத்தரவாதம் உண்டு. ஒப்பந்தத்தைக் கைவிட மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. ஆனால் அதற்குள் வாகனத்தைப் பெற்றுக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். அன்றே சாவியைக் கையில் தர ஆர்வம் காட்டும் விற்பனையாளரிடம் இதை நினைவில் வையுங்கள். தனியாரிடம் வாங்கும்போது இவ்விரண்டும் இல்லை.

ஒப்பந்தம் விளங்காவிட்டால் கையொப்பமிடாமல் வீட்டிற்குக் கொண்டுவந்து வாசிக்கலாம். விக்டோரிய நுகர்வோர் விவகாரத் திணைக்களத்துடன் தமிழில் பேச, 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளர் சேவையை அழைத்து "தமிழ்" என்று கூறுங்கள். ஏற்கெனவே வாங்கிய வாகனத்தின் தவணையைச் செலுத்த இயலாதோர், கடன் வழங்குநர் நடவடிக்கை எடுக்குமுன் 1800 007 007 என்ற தேசியக் கடன் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே நிதி ஆலோசகரின் உதவி இலவசம்.