டிரம்முக்கு முன்னால் எருக்குழி

ஒவ்வொரு ஆண்டும் வேளாண் கல்லூரியின் இறுதியாண்டுப் பிள்ளைகள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு எங்கள் ஊருக்கு வருவார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம். என் நிலத்தில் ஆளுக்குப் பத்து சென்ட் ஒதுக்கி, பிடித்த எருவைப் போட்டுப் பயிர் செய்யுங்கள் என்று விட்டுவிடுவேன். போன முறை ஆறு பேர் வந்தார்கள். நான்கு பேர் மண்ணைக் கையில் அள்ளிக்கூடப் பார்க்காமல் கரைசல் கலக்க நீல டிரம் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். கைபேசியில் பார்த்த வீடியோ அப்படி. ஐந்தாமவன் பத்து சென்ட்டுக்கு அரை டிராக்டர் கோழிக்குப்பையை இறக்கினான். "எங்கப்பா இருபது வருஷமா இதத்தான் போடுறார் ஐயா. வேற எதையும் தொடாதேன்னு சொல்லிட்டார்." அவன் அப்பா போடுவது மாதக்கணக்கில் ஆறிய குப்பை, அதுவும் கரும்புக்கு. இவன் கொட்டியது முந்தின நாள் பண்ணையில் வாரியது, கத்தரி நாற்றுக்கு. எட்டாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டது. ஆறாவதாக வந்த பெண் மட்டும், "உங்க குழியில எவ்வளவு எரு கிடக்கு?" என்று கேட்டாள். முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

தொழு எருவைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாடு இருக்கிறவருக்கு அதுதான் அடிப்படை. தழைச்சத்து அரை சதவீதம்தான், ஆனால் மண்ணுக்கு உடம்பு கொடுப்பது அது. ஏக்கருக்கு 5 டன் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. இரண்டு மாடு ஒரு வருடத்தில் போடும் சாணியும் கூளமும் மட்கினால் மூன்று, நான்கு டன் தேறும். எங்கே கோட்டை விடுகிறோம் என்றால், மூத்திரத்தில். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் போகிறது. கொட்டகைக்கு சிமென்ட் தளம் போட்டுக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிட்டு, சாணியை மட்டும் வெயிலில் குவித்துவைப்பவர் பாதி எருவை இழந்தவர். மாட்டுக்குக் கீழே வைக்கோல் கூளம் பரப்புங்கள், அது குடித்துக்கொள்ளும். குவியல் வேகிறதா என்று பார்க்கக் கடப்பாரையை நடுவில் செருகி, சற்று நேரம் விட்டு உருவிப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் களை விதை சாகும். தென்னந்தோப்புக்காரர்கள் குப்பையைக் கிளறும்போது வெள்ளைப் புழுவையும் தேடவேண்டும். காண்டாமிருக வண்டு முட்டை வைப்பது அங்கேதான். மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்துவிட்டால் அடங்கும்.

கோழி எருவில் தழைச்சத்து மூன்று சதவீதம் வரை உண்டு, மணிச்சத்தும் அதிகம். மூடாமல் திறந்துபோட்டால் ஒரே மாதத்தில் தழைச்சத்தில் பாதி காற்றோடு போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடையே போகிற தழைச்சத்துதான். தென்னைநார்க் கழிவோ வைக்கோலோ கலந்து, ஈரம் காட்டி, மட்கவைத்துப் போட்டால் நல்ல எரு.

மண்புழு உரம் நாற்றங்காலுக்கும் காய்கறிக்கும் பூச்செடிக்கும் அருமை. நெல்லுக்குக் கட்டாது. புழு புதிதாகச் சத்தை உண்டாக்குவதில்லை, சாணியில் இருப்பதைத்தான் பக்குவமாக்கித் தருகிறது. வீட்டில் நாலு மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலன் வையுங்கள், அடுப்பும் எரியும், வெளிவரும் சாணிக் கரைசலும் வயலுக்கு ஆகும்.

இனி டிரம். இதைக் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

இயற்கை விவசாயம் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் சொன்ன ஜீவாமிர்தக் கரைசலின் அளவு எல்லாருக்கும் மனப்பாடம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணி, 10 லிட்டர் மூத்திரம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். ஓர் ஏக்கருக்கு ஒரு டிரம். பிள்ளைகள் காலையும் மாலையும் குச்சியால் கலக்குவார்கள், மேலே நுரை கட்டும், புளித்த வாடை வரும், ஏதோ பெரிய வேலை நடக்கிற நம்பிக்கை பிறந்துவிடும். நான் அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். 10 கிலோ பச்சைச் சாணியில் தழைச்சத்து சுமார் 30 கிராம். மூத்திரத்தில் தாராளமாக வைத்தாலும் 100 கிராம். பயறு மாவில் ஒரு 70 கிராம். ஆக மொத்தம் 200 கிராம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று சம்பாவுக்குப் பத்து முறை விட்டாலும் 2 கிலோ. நீண்டகால நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. அதில் பாதி போதும் என்று வைத்துக்கொண்டாலும் மீதி 28 கிலோ எங்கிருந்து வரும்?

"அது உரமில்ல ஐயா, நுண்ணுயிர்" என்றான் ஒருவன். சரிதான். ஆனால் நுண்ணுயிருக்கும் தீனி வேண்டுமே. மட்கு இல்லாத மண்ணில் கரைசல் விடுவது, ஊரையே பந்திக்கு அழைத்து உட்காரவைத்து வெறும் இலையைப் போடுவது போல. பாலேக்கரே வைக்கோலால் மண்ணை மூடும் மூடாக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறார். நம் ஆட்கள் வைக்கோலை விற்றுவிட்டு டிரம்மை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்துக்கும் இதே பேச்சுதான். மூன்று சதவீதக் கரைசலாகத் தெளித்தால் பயிர் பசுமை கட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அது பயிருக்குக் கொடுக்கும் ஊக்கம். அதையே சாப்பாடாக நினைக்கக்கூடாது.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. முதல் போகம் நன்றாகவே வரும். பல வருடம் போட்ட உரத்தின் மிச்சம் மண்ணில் இருக்கும், பயிர் அதைத் தின்று வளரும். பையன் டிரம்தான் விளைவித்தது என்று நம்புவான். மூன்றாம் வருடம் கதிர் சிறுத்துப்போகும். அப்போது அவன் டிரம்மைக் குறை சொல்லமாட்டான், இயற்கை விவசாயமே பொய் என்று சொல்லிவிட்டு யூரியா மூட்டைக்குத் திரும்பிவிடுவான். எங்கள் பக்கத்து ஊரில், நகரத்து வேலையை விட்டு வந்த ஒரு தம்பியை அப்படி இழந்தோம். பாட்டிலில் அடைத்த கரைசலை மாதாமாதம் வாங்கித் தெளித்தான், ஒரு வண்டி எரு அடிக்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போய்விட்டான்.

என் மனம் எதில் நிற்கிறது என்று கேட்டால் ஆட்டுக்கிடை என்பேன். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று சும்மா சொல்லவில்லை. சம்பா அறுத்து மாசியில் வயல் காயும்போது ராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்டு மந்தையோடு கீதாரிகள் வருவார்கள். போன முறை நானூறு உருப்படியை ஓர் ஏக்கரில் நான்கு இரவு அடைத்தேன். தினமும் பட்டியை மாற்றிப் போட்டார்கள். விடியலில் வயலில் இறங்கினால் புழுக்கை காலடியில் நொறுங்கும், மூத்திர ஈரம் திட்டுத் திட்டாக இருக்கும். வண்டிச் செலவு இல்லை, அள்ளுகூலி இல்லை, புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்தே நிலத்தில் இறங்கிவிடுகின்றன. மறுநாளோ அதற்கு மறுநாளோ மேலாக உழுது மடக்கிவிடவேண்டும், ஆறப்போட்டால் சத்து பறந்துவிடும். குறை இல்லாமல் இல்லை. ஆடு சீமைக்கருவேல நெற்றைத் தின்றிருந்தால் விதை புழுக்கையோடு வந்து முளைக்கும், கன்றிலேயே பிடுங்கவேண்டும்.

ஆனாலும் எனக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. எருவுக்கு முன்னால் உங்களைப் பாருங்கள். தினமும் ஈரம் தொட்டுப் பார்க்கப் பொறுமை இல்லாதவர் மண்புழுத் தொட்டி கட்டவேண்டாம். ஐந்து மணிக்கு எழ முடியாதவர் அடுத்தவரைப் பார்த்து மாடு வாங்கவேண்டாம். நகரத்தில் இருந்துகொண்டு வாரம் ஒரு நாள் வருபவர் கீதாரியோடு பேசிக் கிடை போடட்டும், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழட்டும். அப்பா செய்ததை ஏன் செய்தார் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வீடியோவில் வருபவரின் நிலத்தை முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். மண் தேற மூன்று வருடமாவது ஆகும். அதுவரை பசுமாட்டுச் சாணியைக் கையால் தொட அருவருக்காதவர்களுக்குத்தான் இந்த வேலை.

அந்த நான்கு பேரும் கணக்குப் போட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். டிரம்மைக் கவிழ்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறாவதாக வந்த பெண்தான் வழி சொன்னாள். கொட்டகைக்குப் பின்னால் கூளம், சாணி, ஐந்தாமவனின் மீதிக் கோழிக்குப்பை என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் டிரம்மிலிருந்து மொண்டு தெளித்தார்கள். மேலே தென்னங்கீற்று மூடினார்கள். பத்தாம் நாள் அவளே கடப்பாரையைச் செருகி உருவினாள். தொட்டுப் பார்த்து வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு, மற்றவர்களையும் தொடச் சொன்னாள்.