குவிந்த விரல்கள்



விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று நெருங்கிக் குவிய, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்க, மணிக்கட்டு வளைந்து பாதங்களும் விறைத்துக் கிடந்த ஓர் இளம்பெண்ணை, "கை கால் இழுத்துக்கிச்சு, வலிப்பு வந்துடுச்சு" என்று அலறிக்கொண்டு அவள் தாயார் நள்ளிரவில் அழைத்து வந்ததையும், உன் மூத்த வைத்தியர் ஒருவர் நாடியைக்கூடத் தொடாமல் "வெறும் பயம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டதையும் எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இக்கடிதம்.

பயமே காரணமாக இருக்கலாம். ஆயினும் பயத்தினால் வந்த இறுக்கமும் மெய்யான இறுக்கமே. படபடத்து மூச்சு வாங்கும்போது கரியமில வாயு மிதமிஞ்சி வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை உயர, அதுவரை தனித்திருந்த கால்சியத்தில் ஒரு பகுதி அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, அந்தக் கால்சியத்தால் அடங்கியிருந்த நரம்புகள் கட்டவிழ்ந்து தாமாகவே துடித்துத் தசைகளை இழுக்கின்றன. மொத்தக் கால்சியத்தை மட்டும் அளந்த சோதனைச்சாலை 'குறைவில்லை' என்றே எழுதி அனுப்பும். அந்தச் சீட்டை நம்பி, நோயாளி நடிக்கிறாள் என்று தீர்மானிப்பது வைத்தியனுக்கு அழகன்று.

என் பயிற்சிக் காலத்தில், தைராய்டு சுரப்பியை அறுத்தெடுத்த மறுநாள், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதென்று ஓர் அம்மாள் மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் உறக்க மருந்து கொடுத்தோம். இரவில் அவர் கைகள் குவிந்து, குரல்வளையும் இறுகி மூச்சுத் திணறியபோதுதான், தைராய்டின் பின்னே அரிசி மணியளவில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் எங்கள் நினைவுக்கு வந்தன. 1880இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் விவரித்துக் காட்டிய அவற்றுக்கு ஊறு நேர்ந்தால் கால்சியம் சரியும் என்பதைப் பரீட்சையில் எழுதித் தேறியவர்கள்தாம் நாங்கள். கால்சியம் குளுக்கோனேட்டைச் சிரையில் மெல்ல மெல்ல ஏற்றிய பிறகே அவர் விரல்கள் விரிந்தன. அந்த வெட்கம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

சந்தேகம் இருந்தால், இரத்த அழுத்தக் கருவியின் பட்டையை மேல் அழுத்தத்தினும் 20 மி.மீ. அதிகமாக ஏற்றி, 3 நிமிஷம் கையைப் பார்த்துக்கொண்டிரு. பாரிஸ் வைத்தியர் அர்மான் த்ரூஸோ கண்ட இந்தச் சோதனையில் விரல்கள், பிரசவம் பார்ப்பவர் கையைப் போலக் குவியும். கன்னத்தைத் தட்டிப் பார்க்கும் சோதனை ஆரோக்கியமானவர்களிடமும் பலித்துவிடுவதால் அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கால்சியம் கொடுத்தும் ஏறாவிடில் மக்னீசியத்தை அளந்து பார். வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரைகளை வருஷக்கணக்கில் விழுங்குபவர்களிடம் அது குறைவதுண்டு. டெட்டனி எனப்படும் இந்த இறுக்கத்தை, பெயரில் நெருங்கிய டெட்டனஸோடு குழப்பிக்கொள்ளாதே. அதில் பெரும்பாலும் முதலில் பூட்டிக்கொள்வது தாடை. காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கமும் வேண்டாம். அந்த வேக மூச்சுக்கு மாரடைப்போ நுரையீரலில் அடைத்த இரத்தக்கட்டியோ காரணமாயிருந்தால் அது பிராணாபத்தாக முடியும்.

அந்தப் பெண் இன்னும் வார்டில் இருந்தால், கழுத்தில் தழும்பு உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளா என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டு, எனக்கு எழுது.