பார்வையற்றோரின் கனவுகள்

கண் தெரியாத ஒருவர் கனவு காண்பாரா? இக்கேள்வி எம்மில் பலருக்கு எழுவதுண்டு. கனவு "காண்பது" என்றே பேசிப் பழகியதால், கண்ணில்லையேல் கனவுமில்லை என எண்ணிவிடுகிறோம். அது சரிதானா எனப் பார்ப்போம்.

கனவைத் தருவது கண் அல்ல, மூளை. நித்திரையில் மூளை தான் சேர்த்துவைத்த அனுபவங்களைக் கொண்டே கனவை அமைக்கிறது. ஆகவே ஒருவர் எந்த வயதில் பார்வையை இழந்தார் என்பது முக்கியமாகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஜஸ்ட்ரோ, பார்வையற்றோர் ஏறத்தாழ 200 பேரின் கனவுகளை ஆராய்ந்து 1888 இல் எழுதினார். 5 வயதுக்கு முன் பார்வை இழந்தோரின் கனவுகளில் காட்சிகள் இருக்கவில்லை. 7 வயதுக்குப் பின் இழந்தோர் கனவில் தொடர்ந்தும் காட்சிகளைக் கண்டனர். பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் இதனோடு ஒத்துப்போகின்றன. எனினும் பார்வையின்றி வாழும் ஆண்டுகள் கூடக்கூடக் கனவுக் காட்சிகள் குறைந்து செல்கின்றன.

பிறவியிலேயே பார்வையற்றவரின் கனவு வெறுமையானதன்று. குரல், தொடுகை, மணம், சுவை ஆகியன அதில் நிறைந்திருக்கும்.

2014 இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில் 50 பேர் நான்கு வாரங்கள் தம் கனவுகளைப் பதிந்தனர். பிறவியிலேயே பார்வையற்றோரின் கனவுகளில் நூற்றுக்கு 25 பயங்கரக் கனவுகள். பின்னர் பார்வை இழந்தோரிடம் இது 7, பார்வையுள்ளோரிடம் 6. வீதியில் வாகனம் மோதுவது போன்ற அன்றாட ஆபத்துகளே அக்கனவுகளிலும் வந்தன. பகலில் நாம் கவனியாத பயம் இரவில் பேசுகிறது.

இதிலிருந்து நாம் செய்யக்கூடியவை:

1. பார்வையற்ற பிள்ளை இரவில் அலறி எழுந்தால் அதட்டாதிருப்போம். முதலில் பெயர் சொல்லி அழைத்து, பின்னர் கையைப் பற்றுவோம். திடீரெனத் தொட்டால் பயம் கூடும். பிள்ளை பகலில் எதற்கு அஞ்சுகிறது எனக் கேட்டு, நடைபாதையில் கிடக்கும் தடைகளை அகற்றுவோம்.

2. பார்வை இழந்த முதியவர் கனவில் மனைவியின் முகத்தைக் கண்டதாகச் சொன்னால் அது துர்க்குறியுமல்ல, பார்வை திரும்புவதன் அடையாளமுமல்ல. அவரது நினைவில் அம்முகம் இருக்கிறது. பொறுமையுடன் செவிமடுப்போம்.

3. பார்வை குன்றியவர் விழித்திருக்கும்போதே இல்லாத உருவங்களைக் காண்பதும் உண்டு. ஜெனீவா அறிஞர் சார்ள்ஸ் பொனே 1760 இலேயே இதனை விவரித்தார். இதைப் பைத்தியம் என்றோ பேய் பிடித்தது என்றோ முடிவுகட்டாமல் கண் வைத்தியரிடம் காட்டுவோம்.

கலந்துரையாடுவோம்: எமது ஊரில் பார்வையற்றோர் எத்தனை பேர்? அவர்களுக்கு உதவி தேவை என்பதை அறிவோம். அவர்களது கனவு என்னவென்று எப்போதாவது கேட்டோமா?