முன்வாசல் ரோஜாவும் தலைக்கு மேல் சூரியனும்

மார்கழி மாதம். சேரன்மகாதேவியில் ஒரு தெரு. தள்ளுவண்டியில் ரோஜாச் செடிகள் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூ. முன்வாசல் பாத்திக்கென்று ஒன்றை வாங்கி நடுகிறோம். இரண்டு வாரம் அழகாக இருக்கிறது. பிறகு செடி நெடுநெடுவென்று வளர்கிறது, பூ குறைகிறது. சித்திரையில் இலை கருகுகிறது. வைகாசியில் குச்சி மட்டும் நிற்கிறது. "நம் வீட்டுக்கு ரோஜா ராசியில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

மாணவர்களே, இதில் ராசிக்கு வேலையில்லை. நாம் பூவைப் பார்த்து வாங்கினோம், பாத்தியைப் பார்க்கவில்லை. பாத்திக்கு ஏற்ற குட்டை ரோஜாவை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாருங்கள், ஆராய்வோம்.

பாத்தியில் வெயில் எவ்வளவு?

ரோஜாவுக்கு நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். "தெற்கு நோக்கிய பாத்தியே சிறந்தது" என்று மேல்நாட்டுத் தோட்டக்கலை நூல்கள் கூறும். லண்டன் நகருக்கு அது சரி. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.7 பாகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் 12, ஆகஸ்ட் 30 ஆகிய நாட்களை ஒட்டி, நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் அது உச்சிக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டுச் சுவரின் உயரம் 3 மீட்டர் என்று கொள்வோம். டிசம்பர் 22 ஆம் நாள் நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே சுமார் 32 பாகை விலகியிருக்கும். சுவரின் நிழல் வடக்குப் பக்கம் 1.9 மீட்டர் வரை விழும். காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் தள்ளி விழும். ஆகவே வடக்கு நோக்கிய வீட்டில், சுவரை ஒட்டிய ஒரு மீட்டர் அகலப் பாத்திக்கு அன்று நேரடி வெயிலே கிடைக்காது.

ஜூன் 21 ஆம் நாள் நிலைமை தலைகீழ். சூரியன் வடக்கே சுமார் 15 பாகை சாய்ந்திருக்கும். தெற்கு நோக்கிய சுவரடியில் 80 செ.மீ. வரை நண்பகலிலும் நிழல்தான்.

இதன் பொருள் என்ன? நம் சமவெளியில் ரோஜாவைக் கவாத்து செய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதைத் தொடர்ந்து வரும் இதமான மாதங்களே நல்ல பூக்காலம். வடக்குப் பாத்திக்கு அந்த மாதங்களில் நிழல், கோடையில் வெயில். வேண்டியபோது இல்லை, வேண்டாதபோது உண்டு! தெற்குப் பாத்தி இதற்கு நேர் எதிர், ஆகவே நல்லது. கிழக்குப் பாத்தி எல்லாவற்றிலும் சிறந்தது. ஆண்டு முழுவதும் காலை வெயில் கிடைக்கும். பிற்பகல் வெப்பத்தைச் சுவர் தடுத்துவிடும். மேற்குப் பாத்தியில் பிற்பகல் வெயிலோடு சுவரின் சூடும் சேர்ந்து தாக்கும்.

குட்டை ரோஜா எப்படிப் பிறந்தது?

காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். மற்ற நாட்களில் கொடிபோல நீளும். அவற்றில் கே.எஸ்.என். எனப்படும் ஒரு மரபணு, "இப்போது பூக்காதே, வளர்" என்று தண்டின் நுனியைத் தடுத்து வைக்கிறது. சீன ரோஜாவில் இந்த மரபணுவுக்குள் ஒரு தாவும் டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. பிரான்சு, ஜப்பான் நாட்டு ஆய்வாளர்கள் இதை 2012 இல் வெளியிட்டார்கள். தடை நீங்கியதால் ஒவ்வொரு புதுத் தண்டும் பூவில் முடிகிறது. பூவில் முடிந்த தண்டு மேற்கொண்டு நுனியில் நீள முடியாது. ஆகவே அடிக்கடி பூப்பதும், அளவோடு வளர்வதும் கைகோத்து வருகின்றன. குட்டைத் தன்மைக்கு வேறு மரபணுக்களும் காரணமாகின்றன.

சீன ரோஜாவின் மிகச் சிறிய வடிவம் ஒன்று 1910களின் இறுதியில் சுவிட்சர்லாந்துக் கிராமங்களில், சன்னல் தொட்டிகளில் வளர்வதை ரூலே என்னும் ராணுவ மருத்துவர் கண்டார். 'ரூலெட்டி' என்று அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ஹாலந்து நாட்டு யான் த விங்க் அதை ஒரு கொத்து ரோஜாவுடன் கலந்து உருவாக்கிய 'டாம் தம்ப்' 1936 இல் விற்பனைக்கு வந்தது. இன்றைய மிகச் சிறு ரோஜாக்கள் பலவற்றுக்கு இது முன்னோடி.

நம் நாட்டிலும் இப்பணி நடந்தது. கோதுமை ஆய்வில் புகழ்பெற்ற பெஞ்சமின் பியாரி பால் (1906–1989) ரோஜாக் காதலரும் ஆவார். இந்திய வெப்பத்தில் வளரும் ரகங்கள் வேண்டும் என்று கருதி, அவரே பல ரகங்களை உருவாக்கினார். 'டெல்லி பிரின்சஸ்', 'பஞ்சாரன்' ஆகிய கொத்து ரோஜாக்கள் அவர் தந்தவை.

எந்த வகை நமக்கு?

நாற்றுப் பண்ணையில் ஐந்து வகைகளைக் காணலாம்.

1. கலப்புத் தேயிலை ரோஜா: தள்ளுவண்டியில் நம்மை மயக்கியது இதுதான். தண்டுக்கு ஒரு பெரிய பூ. ஒரு மீட்டருக்கு மேல் உயரும், அடிப்பகுதி வெறுமையாகும். சிறு பாத்திக்குப் பொருந்தாது.

2. எட்வர்ட் ரோஜா: ரெயூனியன் தீவில் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்ட போர்பன் ரோஜா இனம். மணம் உண்டு, நம் வெயிலையும் தாங்கும். ஆனால் ஆளுயரம் வளரும். வேலி ஓரத்துக்கு நல்லது.

3. புளோரிபண்டா: ஒரு தண்டில் கொத்தாகப் பல பூக்கள். சுமார் 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை வளரும். 60 செ.மீ. இடைவெளி வேண்டும்.

4. பட்டன் ரோஜா: சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். முழங்கால் உயரம். 40 செ.மீ. இடைவெளி போதும்.

5. மினியேச்சர்: ஒரு சாண் முதல் முழ உயரம். தொட்டிக்கு ஏற்றது.

குட்டைதான் வேண்டுமென்றால் ஐந்தாவதை வாங்கிவிடலாமே என்பீர்கள். அவசரப்படாதீர்கள்! மினியேச்சரின் வேர் மேல்மண்ணிலேயே பரவும். கோடையில் முதலில் காய்வது மேல்மண்தான். ஆடிக் காற்றும் சேர்ந்தால் இலை இழக்கும் நீரை வேரால் ஈடுசெய்ய முடியாது. ஆகவே திறந்த வெயில் பாத்திக்கு, குட்டைகளிலேயே மிகச் சிறியது சிறந்ததல்ல. பட்டன் ரோஜாவே முதல் தேர்வு. கிழக்கு, தெற்குப் பாத்தி அகலமாக இருந்தால் உயரம் குறைந்த புளோரிபண்டாவை நடலாம்.

நிறத்தையும் கவனியுங்கள். கருஞ்சிவப்பு இதழ் வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சி ஓரம் கருகும். மேற்குப் பாத்திக்கு வெள்ளை, இளஞ்சிவப்பு ஏற்றவை. வெப்பம் மிகுந்தால் பல ரகங்களில் பூ சிறுக்கும், இதழ் எண்ணிக்கையும் குறையும். அது நோயன்று.

வாங்கும்போது பெயருக்கு முன்னால் 'கிளைம்பிங்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஐஸ்பர்க்' 1958 இல் வந்த புளோரிபண்டா. 'கிளைம்பிங் ஐஸ்பர்க்' பல மீட்டர் ஏறும் கொடி! ஒட்டுச் செடியானால் ஒட்டுக்கு அடியிலிருந்து கிளம்பும் தளிரை உடனே நீக்க வேண்டும். இல்லையேல் வேர்ச்செடி வளர்ந்து நல்ல ரகத்தை அழித்துவிடும். தண்டுத் துண்டிலிருந்து வேர்விட்ட பட்டன் ரோஜாவில் இந்தத் தொல்லை இல்லை.

கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களின் களிமண் நீரைப் பிடித்து வைக்கும். நெல்லுக்கு அது வரம். ரோஜா வேருக்கு மூச்சுத் திணறல். 45 செ.மீ. ஆழக் குழியில் மணலும் மட்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். கோடையில் வாழைச் சருகோ வைக்கோலோ பரப்பி மேல்மண்ணை மூடுங்கள்.

செய்து பாருங்கள்

பாத்தியின் நடுவில் ஒரு குச்சியை நட்டு, காலை 6 முதல் மாலை 6 வரை மணிக்கு ஒருமுறை குச்சியின் மேல் வெயில் படுகிறதா என்று குறியுங்கள். மாதம் ஒரு நாள் வீதம் ஓராண்டு செய்தால் உங்கள் பாத்தியின் வெயில் அட்டவணை கிடைக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஆறு மணி நேரம் தேறாவிட்டால், ரகத்தை மாற்றிப் பயனில்லை. பாத்தியைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

சிந்தியுங்கள்

1. சென்னை சுமார் 13 பாகை வடக்கில் உள்ளது. அங்கே டிசம்பர் 22 நண்பகலில் 3 மீட்டர் சுவரின் நிழல் சேரன்மகாதேவியைவிட நீளமா, குட்டையா?

2. உங்கள் வீட்டு வாசல் எத்திசை நோக்கியது? அங்கே எந்த ரோஜாவை, சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நடுவீர்கள்?

விடையை எழுதி வைத்துக்கொண்டு தள்ளுவண்டிக்காரரை அழையுங்கள். இந்த முறை பூவைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.