பழைய நாயனத்தில்தான் நாதமா?

ஜேடர்பாளையத்தில், காவிரிக் கரையோரக் கோயில் விழா ஒன்றில் நாயனம் கேட்டேன். வாசித்து முடித்த கலைஞர் தம் கருவியைக் காட்டினார். "எங்க தாத்தா வாசிச்சதுங்க சார். புதுசுல இந்த நாதம் வராதுங்க." அக்கருவியில் விரிசல் கண்டிருந்தது. வித்தை பழகும் மகனுக்கோ சொந்த நாயனம் இல்லை. புதியது வாங்கித் தரத் தந்தைக்கு மனமில்லை.

மாணவர்களே, அவர் கூற்று சரிதானா?

முதலில் மரத்தைப் பார்ப்போம். தஞ்சை மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்வோர், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை விரும்பி வாங்குகிறார்கள். பச்சை மரம் உலர உலரச் சுருங்கும், கோணும், வெடிக்கும். பல்லாண்டு உத்தரமாகக் கிடந்த மரத்தில் அந்தத் தொல்லை குறைவு. கடைந்த துளை அளவு மாறாமல் நிற்கும். ஆனால் நாயனத்தில் முதன்மையாக அதிர்வது மரமன்று, உள்ளிருக்கும் காற்றுத் தம்பம். துளையின் வடிவமும் வழவழப்பும், வாயில் வைக்கும் சீவாளியுமே நாதத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. பழைய மரத்தில் புது நாயனம் கடையலாம் அல்லவா?

மரப்பலகையே அதிர்ந்து ஒலிக்கும் வயலினிலாவது பழமை வெல்லுமா? 1737-இல் மறைந்த இத்தாலியர் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்கள் இன்று கோடிக்கணக்கில் விலைபோகின்றன. 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் 21 கலைஞர்களிடம் மூன்று பழைய, மூன்று புதிய வயலின்களைக் கொடுத்தனர். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி! பழைய மரத்தின் வாசனை காட்டிக் கொடுக்காதிருக்க வாசனைத் திரவியம் வேறு. 13 பேர் புதியதையே தேர்ந்தனர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி!

இச்சோதனையை நீங்களும் செய்யலாம். திரைக்குப் பின்னால் ஒருவரே, ஒரே சீவாளியை மாற்றி மாற்றிப் பொருத்தி, இரு நாயனங்களிலும் ஒரே ராகத்தை வாசிக்க வேண்டும். எதை வாசிப்பது என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். பத்து முறை கேட்டு, எது பழையதென்று எழுதுங்கள். ஆறு, ஏழு சரியாக வந்தால் மகிழ வேண்டாம். குருட்டுப்போக்கிலும் அது சுலபமாக வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வர 1024-இல் 11 வாய்ப்பே உண்டு.

கலைஞரிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்தார். "சீவாளி ஒண்ணேதானுங்களே? அப்பக் கேட்டுப் பாத்துரலாமுங்க" என்றவர், கூட வாசிப்பவரின் புது நாயனத்தை இரவல் கேட்க மகனை அனுப்பினார்.