செற் பொருத்தும்போது காதை ஏமாற்றுபவை

நம்பிக்கை: அம்ப்ளிபயரையும் ஸ்பீக்கரையும் மாறிமாறிப் போட்டுக் கேட்டால் நல்ல சோடி தானே தெரிந்துவிடும்.

உண்மை: சத்த அளவைச் சமப்படுத்தினால் மட்டுமே. ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல் கூடப் பாடினால், காது அதைச் சத்தம் என்று எடுக்காது; தெளிவு என்றே எடுக்கும். ஒரே பாட்டை ஓடவிட்டு, போனில் உள்ள டெசிபல் அளவியைக் கேட்கும் இடத்தில் வைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பெட்டிகளைத் துணியால் மறைத்து, மாற்றும் வேலையை இன்னொருவரிடம் விடுங்கள். 1994இல் ஒலி ஆய்வாளர்கள் புளோயிட் டூலும் ஷோன் ஆலிவும் மறைத்தும் மறைக்காமலும் இதைச் சோதித்தார்கள். கண்ணால் கண்டதும் பெரிய, அழகான ஸ்பீக்கர்களுக்குப் புள்ளி ஏறியது. மறைத்தபோது நன்றாகப் புள்ளி எடுத்த சிறிய, மலிவான செற் இறங்கியது. கேட்டவர்கள் ஸ்பீக்கர் செய்யும் நிறுவனத்து ஆட்களே!

நம்பிக்கை: வாற் கூடக்கூடச் சத்தம் நல்லது.

உண்மை: வாற்றை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்தான். ஒரு வாற்றுக்கு, ஒரு மீற்றரில் 92 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் போதுமான அளவைப்போல நாலு மடங்கு வாற், 86 டெசிபல் ஸ்பீக்கருக்குத் தேவை. குறைந்த வாற்றிலும் கேட்கலாம்: 1990க்குப் பின் மின்சாரமில்லாத ஆண்டுகளில், 6 வோல்ற், 3 வாற் சைக்கிள் டைனமோவைச் சுற்றி யாழ்ப்பாணம் பிபிசி தமிழோசையைக் கேட்டது. ஓமையும் பாருங்கள்: 8 ஓமுக்குக் குறையாமல் கேட்கும் அம்ப்ளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் அது சூடேறும்.

நம்பிக்கை: விலைகூடிய வயர் இசையைத் திறந்துவிடும்.

உண்மை: ஐந்து மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை, போய்வரச் சுமார் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. யாழ்ப்பாணத்துக் குருநகர்போன்ற கடலோர இடங்களில் கவனிக்க வேண்டியது உப்புக்காற்று. பச்சை பிடித்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்குங்கள்.

நம்பிக்கை: பேஸ் குமுறினால் அம்ப்ளிபயர் பொருந்தவில்லை.

உண்மை: பெரும்பாலும் குற்றவாளி அறை. தொடர்மாடி வீட்டின் சீமெந்துச் சுவரும் வெறுந்தரையும் ஒலியைத் திருப்பியடிக்கும். மூலையில் வைத்த பெட்டிக்குப் பேஸ் இன்னும் ஏறும். பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி வெளியே எடுங்கள். தடித்த திரையும் பாயும் எதிரொலியைக் குறைக்கும்; பேஸை அவ்வளவாகக் குறைக்காது. கடையில் கேட்டதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். கடை அறை உங்கள் அறை அல்ல. ஒரு நாளைக்கு வீட்டில் போட்டுக் கேட்கத் தருவார்களா என்று கேளுங்கள்.